இன்னும் ஒரு மூடி

கல்ஃபிலிருந்து வந்த சாமான் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு மறுபேச்சே கிடையாது. உள்ளூர்க் கடையில் வாங்கிய சோப்பை மோந்து பார்ப்பார்கள், நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள், கடைக்காரனை நாலு கேள்வி கேட்பார்கள். அதே சோப்பு பெட்டிக்குள் கிடந்து விமானத்தில் வந்தால், கேள்வி கேட்கிறவனுக்குப் பொறாமைக்காரன் என்று பெயர். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கருங்கல் வரைக்கும் வீட்டுக்கு ஒரு ஆள் அக்கரையில் இருக்கிறான். என் தங்கை ஜாஸ்பினின் புருஷன் ஜெரிஷும் அப்படி ஒரு அக்கரை ஆள்தான்.

அவன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்லப்போவதைக் கேட்டு அவன் முகத்தில் காறித் துப்பத் தோன்றும். எனக்கே தோன்றியிருக்கிறது.

தமாமில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்கிற பிரிவுக்கு அவன் சூப்பர்வைசர். தரை துடைக்கிறவர்களை மேய்க்கிற வேலை என்று நான் கேலி பேசினாலும் கோபப்படமாட்டான்; பெண்டாட்டிக்கு அக்காள், அதனால் அவனுக்கு நான் மைனி. "மைனி, நீங்க நர்ஸு. உங்களுக்கு ஊசி போடத் தெரியும். கிருமி எங்க குடியிருக்கும்னு எனக்குத்தான் தெரியும்" என்பான். நான் மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். அவன் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு என்று எனக்குத் தெரியும், அதனால் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

அவர்களுடைய பிள்ளை ஆரோன் மாசம் தெகையாமல் பிறந்தான். கையில் எடுத்தால் ஒரு தேங்காய்ப் பாரம்கூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, குழாயில் பால் குடித்து, எல்லோரும் பயந்ததற்கு மாறாகப் பிழைத்துக்கொண்டான். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், கிருமி பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லாத் தாய்மாருக்கும் சொல்வதுதான். அந்த ஒற்றை வாக்கியம் ஜெரிஷின் மண்டைக்குள் ஆணி அடித்ததுபோல் உட்கார்ந்துவிட்டது.

ஞானஸ்நானத்துக்கு லீவில் வந்தவன் பைங்குளத்து வீட்டின் படுக்கையறையை ஆஸ்பத்திரி அறையாகவே மாற்றிவிட்டான். ஏசி வைத்தான். ஜன்னல் இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினான். சுவரில் ஒரு கேமரா வைத்தான். அங்கிருந்தே பிள்ளையைப் பார்க்கலாம், பேசலாம். ஏசி போட்டால் பிள்ளையின் மூக்கு வறளும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காற்றை ஈரமாக்குகிற ஒரு இயந்திரமும் கொண்டுவந்திருந்தான். வெள்ளை முட்டை மாதிரி இருக்கும். வயிற்றில் தண்ணீர் ஊற்றினால், கொதிக்காமலே, உச்சியிலிருந்து குளிர்ந்த புகை மெல்ல எழும்பும். அடியில் நீல விளக்கு. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அந்தச் சவம்.

ஞானஸ்நான விருந்தன்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு தண்ணீர்க் குப்பியை எடுத்து எனக்குக் காட்டினான். உள்ளே நிறமில்லாத திரவம்.

"மணத்திப் பாருங்க மைனி. மணம் உண்டா?"

"இல்ல."

"கையில விடுங்க. எரியுதா?"

எரியவில்லை. வழவழவென்று, தடவிய இடம் மெத்தென்று ஆனது.

"பழைய மருந்துன்னா கண்ணு எரியும், மூக்கு பொத்தணும். இது நானோ சில்வர் சேத்தது. கிருமிக்கத் தோலக் கிழிச்சுரும். நம்மள ஒண்ணும் செய்யாது. எங்க ஆஸ்பத்திரியில கட்டிலு, கதவுக் கொண்டி, தரை எல்லாத்துக்கும் இதுதான்."

தரைக்கு நல்லதுதான் என்று சொல்லிவிட்டு நான் பந்தியைப் பார்க்கப் போனேன். தரையையும் தொட்டிலையும் துடைப்பதற்கு என்றே நினைத்தேன்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெறும் வெள்ளத்தில், அதாவது வெறும் தண்ணீரில், நாங்கள் வேது பிடிப்பதில்லை. சளி பிடித்தால் கொதிக்கிற பானைக்குள் நொச்சியிலை போடுவோம், மஞ்சள் போடுவோம், தைலம் ரெண்டு சொட்டு விடுவோம். பிள்ளை பெற்றவள் குளிக்கிற வேது வெள்ளத்தில் இலையும் பட்டையுமாக ஒரு காடே மிதக்கும். சும்மா ஆவி எதற்கு ஆகும், சோற்றுப்பானையைத் திறந்தாலும் ஆவி வருமே என்பார்கள். ஜெரிஷும் அந்தப் பானைக்குள் தலையை விட்டு வளர்ந்தவன்தான். ஆவி வரும் ஒரு பாத்திரத்தைக் கண்டால் அதற்குள் நல்லதாக எதையாவது போடாமல் அவனால் இருக்க முடியாது. அதனால் தங்கையிடம் ரகசியமாக எதுவும் சொல்லவில்லை, எல்லோரும் செய்கிற காரியத்தைப்போல இயல்பாகச் சொன்னான்: "வெறும் வெள்ளம் ஊத்தாத மக்கா. ஒரு மூடி மருந்து சேரு. அறை முழுக்கக் கிருமி சாவும்."

அவன் திரும்பிப் போனான். எங்கள் அம்மாவும் பிரசவக் குளியெல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டு, அப்பாவுக்குச் சுகமில்லை என்று ஊருக்குப் போய்விட்டாள். மாமியார் இல்லாத வீடு. கல்யாணம் பேசும்போது அதை ஒரு யோகம் என்று சொல்லிச் சிரித்தோம். ஜாஸ்பினும் பிள்ளையும் சுவரில் ஒரு கேமராவுமாக அந்த அறைக்குள் இருந்தார்கள்.

முதலில் லேசான இருமல். சின்னப் பூனைக்குட்டி தும்முவதுபோல, கேட்டால் சிரிப்புகூட வரும். ஜாஸ்பின் எனக்குப் போன் செய்தாள், நான் சொட்டு மருந்து சொன்னேன். கேமராவில் ஜெரிஷும் கேட்டுவிட்டான். கிருமி புகுந்துவிட்டது என்று பதறினான். இயந்திரத்தில் ஊற்றுவது போதவில்லை, இன்னும் ஒரு மூடி சேர் என்றான். சேர்த்தாள். இருமல் கூடியது. ஜன்னலைத் திறந்தாயா என்று கேட்டான். ஒரு நாள் துணி காயப்போடத் திறந்தது உண்மை. தன்மேல்தான் தப்பு என்று அவளும் நம்பி, ஜன்னலை இறுக்கிச் சாத்தி, இன்னும் ஒரு மூடி ஊற்றினாள்.

ஒரு சாயங்காலம் டியூட்டி முடிந்து நான் அங்கே போனேன். பிள்ளை மார்பில் துணியில்லாமல் கிடந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கியது. தொண்டைக்குழியில் ஒரு பள்ளம் விழுந்து விழுந்து எழுந்தது. ஆஸ்பத்திரியில் இதைப் பார்த்தால் என் கால் தானாக ஓடும். ஜாஸ்பின் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த முட்டையை அவன் முகத்துக்கு அருகே நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இது சளியில்ல. எடு, போவோம்" என்றேன்.

"அத்தான்ட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு…"

"அத்தானுக்கு நான் சொல்லிக்கிடுதேன். பிள்ளைய எடுட்டி."

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், மருந்து கொடுத்தார்கள். நாலைந்து நாளில் பிள்ளை தெளிந்தான். பால் குடித்தான், என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். நிமோனியா என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் ஆவதற்குள் மறுபடியும் விலா உள்வாங்கியது. மறுபடியும் அட்மிஷன், மறுபடியும் தெளிவு, மறுபடியும் வீடு. இந்த முறை திரும்பி வந்தபோது உதடு நீலம்.

ஆஸ்பத்திரியில் தேறுகிற பிள்ளை வீட்டுக்குப் போனால் ஏன் விழுகிறது? இந்தக் கேள்வி எங்கள் எல்லோர் வாயிலும் இருந்தது. பதில்தான் ஆளுக்கு ஒன்றாக இருந்தது. பால் புரையேறுகிறது, தாய்க்குப் பிடிக்கத் தெரியவில்லை என்றார் டாக்டர். கண்ணேறு என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. போதகர் வந்து தொட்டிலில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போனார். ஜெபித்த நேரமெல்லாம் அந்த நீல விளக்கு அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் புகையை எல்லோரும் பார்த்தோம். பிள்ளைக்கு நல்லது என்று பார்த்தோம்.

மூன்றாம் முறை எங்கள் ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். மூச்சுக்குழாய் போட்டு இயந்திரத்தில் வைத்தார்கள். ஜாஸ்பின் ஐசியு வாசலை விட்டு அசையவில்லை. மாற்றுத் துணி எடுக்க நான் பைங்குளத்துக்குப் போனேன்.

நல்ல மத்தியான வெயில். பூட்டைத் திறந்து படுக்கையறைக்குள் போனேன். அடைத்துக் கிடந்த அறையில் காற்றே இல்லாததுபோல் இருந்தது. அலமாரியைத் திறந்து நான் குனிந்தபோது சுவரிலிருந்து குரல் வந்தது.

"மைனி."

அலமாரிக் கதவில் தலையை இடித்துக்கொண்டேன். "பயங்காட்டாத எடே! வெளியிலயா இருக்க, டியூட்டியிலயா?"

"டியூட்டியிலதான். பிள்ளை எப்பிடி இருக்கான்?"

"இருக்கான்." மறுபடியும் அலமாரிக்குள் குனிந்தேன்.

கேமராவுக்குள் கொஞ்ச நேரம் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு சொன்னான்: "மைனி, ஒரு உதவி. அறை அடச்சுக் கெடந்ததுல்லா. அவன் திரும்பி வாறதுக்கு முன்ன கிருமி இல்லாம ஆக்கணும். அந்த மிஷின்ல வெள்ளம் ஊத்தி ஓட்டி வைங்க. மேசைக்கு அடியில குப்பி இருக்கு. மூணு மூடி போடுங்க."

"எதுல?"

"மிஷினுக்குள்ளதான்."

நான் நிமிர்ந்தேன். "இந்த மருந்தயா புகையில போடுதீங்க?"

"மொதல்ல இருந்தே அப்பிடித்தானே மைனி. முதல்ல ஒரு மூடி. இப்ப சொகமில்லாததுனால கூட்டச் சொல்லியிருக்கேன்."

மேசைக்கடியில் நாலு காலிக் குப்பிகள் கிடந்தன. ஐந்தாவதில் கால்வாசி மிச்சம். இயந்திரத்தின் வயிற்றுக்குள் ஏற்கெனவே கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அவன் சொன்னதைச் செய்யவில்லை, ஆனால் என்னதான் வருகிறது என்று பார்க்கப் பொத்தானை அழுத்தினேன். புகை எழும்பியது. மணம் இல்லை, எரிச்சல் இல்லை, குளுகுளுவென்று முகத்தில் பட்டது. கொஞ்ச நேரத்தில் தொண்டையின் அடியில் என்னவோ அரித்தது. பெரிய ஆள் நான். எனக்கே அரித்தது. அந்தத் தொட்டிலைப் பார்த்தேன். புகை நேராகத் தொட்டில் கம்பிகளுக்கு இடையே போய்க்கொண்டிருந்தது.

"மைனி, என்ன, ஓடுதா?" என்றது சுவர்.

ஒயரைப் பிடுங்கினேன். குப்பியை எடுத்துக்கொண்டு, துணியை மறந்துவிட்டு, வாசலுக்கு ஓடினேன்.

நாகர்கோவிலில் நுரையீரல் டாக்டரின் பெயர் சுனிதா. சின்னப் பெண். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. நான் குப்பியை மேசைமேல் வைத்துச் சொன்னதை முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்ததும் கோபப்படவில்லை, அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "இத அனுப்புனவரோட பேசணும். வீடியோல" என்றாள். ஜாஸ்பினையும் உள்ளே கூப்பிட்டாள்.

ஜெரிஷ் ஸ்டோர் அறைக்குள் நின்றுகொண்டு பேசினான். பின்னால் அடுக்கடுக்காக நீலக் கேன்கள். டாக்டர் கேட்டதற்கு அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. இத்தனை நாள் யாரும் அவனிடம் அவன் தொழிலைப் பற்றி மரியாதையாகக் கேட்டதில்லை.

"நூத்துக்கு தொண்ணூத்தொன்பது கிருமியும் சாவும் டாக்டர். நானோ சில்வர். கூட ஒரு பாலிமர் உண்டு."

"என்ன பாலிமர்? கேன்ல எழுதியிருக்கதப் படிங்க."

அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். டாக்டரின் பேனா நின்றது.

"பின்பக்கம் திருப்புங்க. எச்சரிக்கைன்னு ஒரு கட்டம் இருக்கும். அதையும் படிங்க."

கேனைத் திருப்பினான். பளபளப்பான முன்பக்கத்தை ஆயிரம் தடவை பார்த்தவன், பின்பக்கத்தைப் பார்த்ததில்லை என்பது அவன் விரல் தேடுவதிலேயே தெரிந்தது. ஆங்கிலத்தில் சத்தமாக வாசிக்கத் தொடங்கினான். தரை, மேசை, கருவிகளுக்கு மட்டும். துடைத்தபின் தண்ணீரால் கழுவவும். தூவவோ புகையாக்கவோ… அந்த இடத்தில் குரல் இறங்கியது. மூச்சில் போகக் கூடாது என்ற வரியை அவன் வாசிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"டாக்டர், கையில விட்டா ஒண்ணும் செய்யலியே" என்றான் கடைசியில். "நான் நாக்குலகூட வெச்சுப் பாத்தேன்."

ஜாஸ்பினும் அதையே கேட்கிற முகத்தோடு டாக்டரைப் பார்த்தாள்.

டாக்டர் மெதுவாகச் சொன்னாள். "உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு மெல்லிசான சவ்வு உண்டும்மா. எண்ணெய்ப் படலம் மாதிரி, அவ்வளவுதான் கனம். அதோட வெளிப்பக்கத்துல நெகட்டிவ் சார்ஜ் இருக்கும். இந்தப் பாலிமர் நீளமான நூல் மாதிரி. அதுல முழுக்க பாசிட்டிவ் சார்ஜ். ரெண்டும் ஒட்டிக்கும். ஒட்டி, இழுத்து, சவ்வ ஓட்டை போட்டுரும். அந்த ஓட்டை வழியா வெள்ளித் துகளும் உள்ள போயி மிச்சத்தையும் கெடுக்கும். செல்லுக்குள்ள இருக்கது வெளிய ஒழுகும், வெளிய இருக்கது உள்ள போவும். கிருமி அப்படித்தான் சாவுது. கிருமியோட சவ்வு எது, பிள்ளையோட சவ்வு எதுன்னு பிரிச்சுப் பாக்க அதுக்குத் தெரியாது."

"அப்ப கை…?"

"கைத்தோலுக்கு மேல செத்துப்போன செல்லு அடுக்கடுக்கா இருக்கு. அது கவசம். நுரையீரல்ல காத்து நிக்கிற சின்னச் சின்ன அறை இருக்குல்ல, அதுக்கு ஒரே ஒரு அடுக்குதான் சுவர். எல்லாம் உயிருள்ள செல்லு. தரையில கிடந்தா இது மருந்து. புகையாப் போயி அங்க உக்காந்தா…" பேனாவை மூடி வைத்தாள். "வேற ஒரு நாட்டுல இப்படி நடந்திருக்கு. நிறைய வீடுகள்ல. நல்லதுன்னு நெனச்சுத்தான் போட்டாங்க."

எங்கள் அப்பாவுக்கு ரப்பர்த் தோட்டம் உண்டு. பாலைத் தட்டத்தில் ஊற்றி அதில் ஆசிட் விட்டால், ஓடிக்கொண்டிருந்த பால் கண் முன்னாலேயே கட்டியாகிவிடும். திரும்ப அதைப் பாலாக்க முடியாது. நர்ஸ் படிப்பில் படித்ததெல்லாம் அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்தத் தட்டம்தான் வந்தது.

"ஆறுமா?" என்று ஜாஸ்பின் கேட்டாள்.

"செத்த இடத்துல தழும்பு விழுது. தழும்புக்குள்ள காத்து போவாது. மேற்கொண்டு விழாம இருக்க மருந்து குடுக்குறேன்." டாக்டர் ஜாஸ்பினின் முதுகில் கைவைத்தாள். "இப்ப நிறுத்துனது நல்லது."

போனில் ஜெரிஷ் இன்னும் இருந்தான். கேன்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. எனக்கு வாய் நிறையத் திட்டு இருந்தது. அவன் முகத்தைப் பார்த்த பிறகு அதில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்கான கதை எத்தனையோ கேட்டிருக்கிறோம், கேட்டுச் சிரித்திருக்கிறோம். பிடித்த கையைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கிடைத்த விமானத்தில் வந்தான். திருவனந்தபுரத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு. கையில் பெட்டி இல்லை, அவன் வெறுங்கையோடு வந்து நான் பார்த்ததே இல்லை. கண்ணாடி வழியாகப் பிள்ளையைப் பார்த்தான். குழாய்களுக்கு நடுவில் ஆரோன் முகம் ஒரு உள்ளங்கை அளவுதான் தெரிந்தது. ஜெரிஷ் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். ஜாஸ்பின் அவன் பக்கத்தில் போய் நின்றாள். நான் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தேன், அது கையிலேயே ஆறியது.

மறுநாள் மத்தியானம் நாங்கள் மூவரும் ஐசியு வாசல் பெஞ்சில் இருந்தபோது, ஜெரிஷ் திடீரென்று எழுந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"மைனி, நான் மத்தவனுவளுக்கும் குடுத்திருக்கேன்."

"எத?"

"இதத்தான். நாங்க தங்குற கேம்புல நம்ம பக்கத்து ஆளுவ. லீவுக்கு வந்தவனெல்லாம் கேட்டானுவ. ஒம் பிள்ளைக்கு என்னமோ வெச்சிருக்கியாமே, எங்களுக்கும் தான்னு. மிஷினும் சொல்லி வாங்கிக் குடுத்தேன். குப்பியில ஊத்தியும் குடுத்தேன். ஒரு மூடி போடுன்னு நான்தான் சொன்னேன்."

நானும் எழுந்தேன். "எத்தன பேரு?"

அவன் விரல் விட ஆரம்பித்தான். மணவாளக்குறிச்சியில் ஒருவன். குளச்சலில் அண்ணன் தம்பி இருவர். முட்டத்தில் ஒருவன். கடியப்பட்டணத்து மரியஜான். விரல் முடிந்து மறுகைக்குப் போனது.

"விளிங்க" என்றாள் ஜாஸ்பின். "இப்பவே விளிங்க."

அந்த வராந்தாவில் நடந்துகொண்டே அவன் ஒவ்வொரு வீடாகப் போனில் விளித்தான். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தையைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. நான் தந்தது விஷம். எம் பிள்ளை வென்டிலேட்டரில் கெடக்கான். மிஷினை நிறுத்துங்க. சிலர் உடனே புரிந்துகொண்டார்கள். குளச்சலில் ஒரு பெண் அழுதாள். ஒருவன் அம்மையையும் அப்பனையும் இழுத்து அவனைக் கிழி கிழியென்று கிழித்தான். ஜெரிஷ் போனைக் காதிலிருந்து எடுக்காமல் முழுவதையும் கேட்டான். மணவாளக்குறிச்சியில் இயந்திரம் பழுதாகி மூலையில் கிடக்கிறதாம். அதைக் கேட்டு நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். பழுதான சாமானுக்கு ஸ்தோத்திரம் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மரியஜானின் மனைவி அஞ்சு அப்படி எளிதில் அசையவில்லை. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"நீங்க யாருன்னு எனக்கெப்பிடித் தெரியும்? அவரு கேட்டா நான் என்ன பதிலு சொல்லது? அவருதான் ஓட்டச் சொன்னாரு."

"நான்தானே அவனுக்குச் சொல்லிக் குடுத்தது. ஜெரிஷு. அவன் கூட்டுக்காரன்."

"அவருக்கு விளிச்சுப் பாக்கேன். அவரு சொன்னா நிறுத்துதேன். பிள்ளைக்கு ரெண்டு நாளா மூச்சு இழுக்கு. இப்பப் போயி அத நிறுத்தச் சொல்லுதீங்களே, அதுனாலதான் பிள்ளை ஒறங்குது."

பின்னால் ஒரு குழந்தையின் இருமல் கேட்டது. பூனைக்குட்டி தும்முகிற அந்த இருமல். ஜாஸ்பினின் கை என் கையைப் பிடித்தது.

அதே நேரம் ஐசியு கதவு திறந்தது. டாக்டர் சுனிதா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நர்ஸ் என்பதால் என்னை உள்ளே விடுவார்கள். போனேன். ஆரோனைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். ஒருவர் கையும் வேலை செய்யவில்லை. பக்கத்து இயந்திரத்தில் கோடு நேராக இருந்தது. எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறேன், பார்த்து அடுத்த வேலைக்குப் போயிருக்கிறேன். அன்றைக்குக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவன் விரலுக்குள் என் விரலை வைத்தேன். அது பிடிக்கவில்லை.

வெளியே வந்தபோது ஜெரிஷ் இன்னும் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் பேச்சு பாதியில் நின்றது. போன் காதுக்கும் மார்புக்கும் இடையே எங்கேயோ நின்றது. அதற்குள்ளிருந்து அஞ்சுவின் குரல் "ஹலோ, ஹலோ" என்றது.

ஜாஸ்பின் எழுந்தாள். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள், கதவைப் பார்த்தாள். உள்ளே ஓடுவாள், நெஞ்சில் அடித்துக்கொள்வாள், அவன் சட்டையைப் பிடித்து உலுக்குவாள் என்று நான் அவளைத் தாங்கத் தயாராக நின்றேன். அவள் நேராகப் புருஷன் பக்கம் போய், அவன் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"எக்கா, நான் ஜெரிஷுக்க பொண்டாட்டி பேசுதேன்." "எம் பிள்ளை இப்பச் செத்துப்போனான். இப்பதான். அந்தப் புகையினாலதான். ஒங்க பிள்ளை இன்னும் மூச்சு விடுதுல்லா. அந்த மிஷின நிறுத்துங்க."

மறுமுனையில் ஒரு பொத்தான் டக்கென்றது.

"நிறுத்தியாச்சா?"

"…ம்."

"ஜன்னலத் தொறங்க. எல்லா ஜன்னலையும். எனக்குச் சத்தம் கேக்கணும். கேக்காம நான் போன வைக்கமாட்டேன்."

கொண்டி ஒன்று துருவோடு கிறீச்சிட்டு நீங்குவது கேட்டது. பிறகு இன்னொன்று. அதன்பிறகு கடியப்பட்டணத்துக் கடலின் இரைச்சல் அந்த வராந்தாவுக்குள் வந்து விழுந்தது. ஜாஸ்பின் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இனி பிள்ளைய எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. புகை போட்டதச் சொல்லணும், மறைக்காதிய" என்றாள். போனை ஜெரிஷின் கையில் திரும்ப வைத்து, அவன் விரல்களை அதன்மேல் தானே மடக்கிவிட்டாள்.

"அடுத்த வீட்டுக்கு விளிங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைப் பார்க்க உள்ளே போனாள்.